தேவாரத்துக்குப் போன ஜப்பான் தட்டு

கறுப்பாகப் பளபளக்கிற எதையும் பிளாஸ்டிக் என்றே நம்புகிற ஊரில் நான் பழைய ஜப்பானிய அரக்குப் பாத்திரங்கள் சேர்க்கிறேன். தகவலுக்காகச் சொல்கிறேன், அனுதாபம் வேண்டாம்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்பவனுக்கு இந்தப் பித்து எப்படி வந்தது என்று கேட்பார்கள். போடிமெட்டுக்கு மேலே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். காய் விலை பேசப் போன நான், காய் வாங்காமல் ஒரு கறுப்புப் பெட்டியோடு ஜீப்பில் இறங்கி வந்தேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அதை மடியில் வைத்திருந்தேன். மூடியில் இரண்டு கொக்குகள், தங்கப் பொடியில். ஒவ்வொரு வளைவிலும் வெயில் மாறி விழ, கொக்குகள் பறப்பதும் அமர்வதுமாக இருந்தன. ஊர் வந்து சேர்வதற்குள் நான் கெட்டுப்போயிருந்தேன். அதன் பிறகு கொச்சியில் பழம்பொருள் விற்கும் கடைகளின் படிகளைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அரக்கு என்றதும் தபால் உறைகளில் உருக்கி ஊற்றுவது நினைவுக்கு வரும். அது பூச்சி தருவது. இது மரம் தருவது. ஜப்பானில் ஒரு மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். அதை மரப் பாத்திரத்தின் மேல் மெல்லிசாகப் பூசி, இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, மாதக்கணக்கில் அதையே செய்கிறார்கள். இதில் ஒரு விசித்திரம், அது வெயிலில் காயாது. ஈரக் காற்றில்தான் இறுகும். மழை நாளின் இருட்டை எடுத்துக் கெட்டியாக்கி வைத்ததுபோல் இருக்கும், பார்க்க.

அப்படிப்பட்ட பொருளை நான் வைத்திருந்தது போடியின் வறட்டுக் காற்றில். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுக் கதவே விரிசல் விடும். அதனால் முன்னறையில் கண்ணாடி அலமாரி செய்து, ஒவ்வொரு அடுக்கிலும் ஈரத்துக்காக ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தேன். தினமும் காலையில் என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து கேட்பாள்: "ஒங்க ஜப்பான் சாமிக்குத் தண்ணி மாத்தியாச்சா?"

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். "பிளாஸ்டிக்குக்கு எதுக்குண்ணே கண்ணாடி?" என்பார்கள். குரங்கணியிலிருந்து காய் கொண்டுவந்த ஒருவர், நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

அந்தக் காலத்து என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'அழகியல்' என்ற சொல்லை அவன் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பயன்படுத்துவான். ரசத்தை ஊற்றிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் ஒரு பொருளின்மேல் எப்படி விழ வேண்டும் என்று பேசுவான். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பேசுவான். (ஆள் இருந்தாலும் கேட்க மாட்டார்கள், அது வேறு.) அவனுக்கு ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. அந்த அலமாரிக்கு முன்னால் யாராவது ஒருவர் நின்று, 'நல்லா இருக்கு' என்று சொல்ல வேண்டும்.

அலமாரியின் நடுவில் இருந்தது ஒரு வட்டத் தட்டு. கறுப்பு அரக்கின்மேல் சிவப்பு பூசியது. ஏதோ ஒரு மடத்தில் துறவிகள் சாப்பிட்ட தட்டாக இருக்கும் என்று கொச்சிக்காரர் சொன்னார். இருநூறு, முந்நூறு வருடக் கைகள் பட்டுப் பட்டு, விளிம்பிலும் நடுவிலும் சிவப்பு தேய்ந்து அடியிலிருக்கும் கறுப்பு எட்டிப் பார்க்கும். அந்தத் தேய்மானம்தான் அதன் மதிப்பு. எரிந்து முடிகிற மாலை வானத்தில் முதல் இருட்டு கசிகிற மாதிரி என்று நான் சொல்வேன். மோட்டார் ரூம் கதவு மாதிரி என்று செல்வி சொல்வாள்.

இந்த நிலையில் என் அக்கா மகள் கௌசல்யாவுக்கு நிச்சயம் வந்தது.

கௌசல்யாவும் பிரபுவும் தேனியில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள். தாங்களாகவே முடிவு செய்துகொண்டு வீட்டில் சொன்னார்கள். பையனுக்கு ஊர் தேவாரம். அவன் அப்பா தோப்புக்காரர். அவர் சரி என்றபோது அம்மா இல்லை என்றார், அம்மா சரி என்றபோது ஜாதகம் இல்லை என்றது. ஒரு வருடம் இழுத்துத்தான் கனிந்தது. அத்தான் உயிரோடு இல்லை. அதனால் பெண் வீட்டுப் பக்கம் நிற்க வேண்டியவன் தாய்மாமனான நான். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அந்த ஒரு நாளு மட்டும் எல்லாரும் மாதிரி இரு."

நானும் சம்மதித்தேன். ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் வரப்போகிற மண்டபம். என் பாத்திரங்களைப் பார்க்க அத்தனை கண்கள் ஒரே இடத்தில் இனி எப்போது கூடும்? சீர்த் தட்டுகளோடு தட்டாக என் சேகரிப்பையும் பழங்கள் நிரப்பி, முன்வரிசையில் அழகாக அடுக்கிவிட்டேன்.

அக்கா வந்து பார்த்தாள். "என்னடா இது? நல்ல காரியத்துல இப்படிக் கறுப்பா அடுக்கி வச்சிருக்க? எடுரா எல்லாத்தையும்."

"அக்கா, அதுல தங்கப் பொடி தூவி…"

"தங்கம் இருக்கட்டும். மாப்ள வீட்டுக்காரக வந்து மொத மொதப் பாக்குறது கறுப்பாவா இருக்கணும்? எடு."

எடுத்தேன். சிவப்புத் தட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "இது செவப்புக்கா."

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "சாயம் போயிருக்கேடா."

"அதுதான்க்கா அதோட அழகு."

"எங்க வீட்டுப் பின்வாசக் கதவும் இப்படித்தான் சாயம் போயிக் கெடக்கு. அதையும் கொண்டுபோயி ஒன் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வையி."

அப்போது எங்கள் பெரியப்பா குறுக்கே வந்தார். நிச்சயத்தை நடத்திவைக்கிறவர் அவர்தான். தட்டைப் பார்த்தார். "அட, நல்லா இருக்கேப்பா. மங்களகரமா இருக்கு. தாம்பூலத்த இதுலயே வச்சிருவோம்."

இத்தனை வருடத்தில் முதல் முறையாக ஒரு மனிதர் சொல்லிவிட்டார். அவர் காலில் விழுந்திருப்பேன், வேட்டி தடுத்தது. நானே உட்கார்ந்து அலங்கரித்தேன். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், மடித்த பட்டு. சிவப்பு தேய்ந்த இடங்கள் மறையாதபடி வெற்றிலையை ஒதுக்கி வைத்தேன். போட்டோ எடுப்பவரை அழைத்து, எந்தப் பக்கமிருந்து எடுத்தால் கறுப்பு தெரியும் என்று சொல்லிக்கொடுத்தேன். "பொண்ணு மொகம் தெரியலண்ணே" என்றார் அவர். அது இரண்டாம் பட்சம் என்று நான் சொன்னதாக அவர் இன்றும் சொல்கிறார்.

எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் உறைக்கவில்லை. நிச்சயத்தில் தட்டு மாற்றுவார்கள்.

பிறந்ததிலிருந்து எத்தனையோ நிச்சயம் பார்த்தவன். பெண் வீட்டுத் தட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும், அவர்கள் தட்டு இங்கே வரும். எங்கள் பக்கத்தில் போனது போனதுதான். தட்டு திரும்பி வந்தால் சம்பந்தம் திரும்பி வந்ததாக அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்த விஷயம் ஒரு அறையிலும் ஆசை இன்னொரு அறையிலும் இருந்தன. நடுவில் கதவு சாத்தியிருந்தது.

பெரியப்பா தட்டைத் தூக்கிப் பையனின் அப்பாவிடம் நீட்டினார். நான் போட்டோகிராபரிடம், "பிளாஷ் வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பியபோது, மாலை வானம் எதிர்வரிசையில் இருந்தது. பையனின் அம்மா அதை மடியில் வாங்கி வைத்து, முந்தானையால் மூடினார். எல்லோரும் சிரித்தார்கள். கௌசல்யா அழுதுகொண்டே சிரித்தாள். என் கையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் வந்து உட்கார்ந்தது. அதில் ஏதோ ஒரு காதணி விழாவுக்கு யாரோ ஒரு ராசாங்கம் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது.

அன்று சாயங்காலமே அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நல்ல வெள்ளித் தட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் மீந்த பூவை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தத் தட்டப் பத்தி நீ வாயத் தொறந்தயின்னா, எனக்குத் தம்பி கெடையாதுன்னு நெனச்சுக்குவேன்."

பொறுத்துத்தான் பார்த்தேன். ஆனால் கடையில் உட்கார்ந்து காயைக் கையில் அள்ளும்போதெல்லாம் தட்டு என்ன பாடுபடுகிறதோ என்று தோன்றும். இந்நேரம் அதில் சூடான பணியாரம் அடுக்கியிருப்பார்கள். இந்நேரம் சாம்பல் போட்டுத் தேய்த்திருப்பார்கள். இந்நேரம் மொட்டை மாடியில், அதில் மிளகாய் காயும். அலமாரியில் நடுவிடம் வெறுமையாக இருந்தது. டம்ளரில் தண்ணீர் மட்டும் தவறாமல் மாற்றினேன்.

கடைசியில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், வெள்ளித் தட்டு ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தேவாரத்துக்கு பஸ் ஏறினேன்.

பிரபுவின் அப்பா வாசலிலேயே இருந்தார். "வாங்க மாப்ளே" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். யானை வந்து தோப்பில் வாழையைச் சாய்த்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். நான் தலையாட்டினேன். என் கண் உள்ளே இருந்தது. பிரபுவின் அம்மா நிலைப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மடியில் என் தட்டு.

கீரை என்பதற்காக நன்றியுணர்வு ஏற்பட்ட தருணம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். சேனைக்கிழங்காக இருந்திருந்தால் தட்டில் கத்தி விழுந்திருக்கும்.

"தட்டுன்னா இதுதான் தம்பி தட்டு" என்றார் அவர். "கனமே இல்ல. மடியில இருக்கதே தெரியல. தெனமும் இதுலதான் எனக்குச் சோலி."

தட்டும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் என்னை வருத்தியது. கை எண்ணெயும் கீரை ஈரமும் பட்டு, என் கண்ணாடிக்குள் ஒருநாளும் இல்லாத ஒரு ஆழமான மினுக்கம் அதில் ஏறியிருந்தது.

காபி வந்தது. குடித்தேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த நயமான வாக்கியங்கள் எல்லாம் காபியோடு இறங்கிப்போயின. வாயில் மிச்சம் இருந்தது இதுதான்: "மதினி, அந்தத் தட்டத் திரும்ப வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

கீரை உருவிய கை நின்றது.

பிரபுவின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். சத்தமே வரவில்லை. "என்ன மாப்ளே" என்றார், குரல் இறங்கி. "பொண்ணு வீட்டுல மனசு எதுவும் மாறிருச்சா?"

நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் என் காதுக்கு எட்டியது. லீவில் வந்திருந்த பிரபு உள்ளேயிருந்து வந்து, என்னைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். அவன் அம்மா கீரையைத் தட்டிலிருந்து தரையில் கவிழ்த்தார். தட்டை முந்தானையால் துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார், கணவரிடம். "ஒரு வருசம் இழுத்தது சும்மாவா இழுத்துச்சு? குடுத்துருவோம். அவுக பொருளு நமக்கெதுக்கு?"

தட்டை என்னை நோக்கி நீட்டினார்.

நான் ஆசைப்பட்ட பொருள், கை எட்டும் தூரத்தில். வாங்கினால் அலமாரி நிரம்பும். கௌசல்யா வீட்டோடு இருந்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா. கொல்லைப் பக்கத்துச் செய்தி தேனி வழியாகப் போடி போய்ச் சேர அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கிறது.

போனை எடுக்காமல், தட்டையும் வாங்காமல், என் வாய் தானாகச் சொன்னது: "ஐயோ மதினி, பேரு வெட்டணும்ல. அதுக்குத்தான கேட்டேன். பொண்ணு பேரு, மாப்ள பேரு இல்லாம நிச்சயத் தட்டு மொட்டையா இருக்கு. தாய்மாமன் மொற, நான்தான செய்யணும்?"

பிரபுவின் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "அதச் சொல்றதுக்கு என்ன மாப்ளே இவ்வளவு மென்னு முழுங்குறீக? உசுரே போயிருச்சு. எலே பிரபு, போன வையிடா."

"பாத்தீங்களா, பேருகூட வெட்டணும்னு அவருக்குத் தோணியிருக்கு. நமக்குத் தோணலயே" என்றார் அம்மா. கீரையைத் திரும்ப அள்ளினார்.

நான் மூச்சுவிட்டேன். புத்திசாலித்தனமும் கொஞ்சம் திரும்பி வந்தது. "போடியில நல்லா வெட்டுறவுக இருக்காக. நான் கொண்டுபோயி, ஆற அமர வெட்டி…"

"அதெப்படி?" என்றார் பிரபுவின் அப்பா. "கல்யாணம் முடியாம தட்டு வாசப்படி தாண்டலாமா? பாத்திரக் கடைக்காரர் நமக்கு வேண்டியவருதான். மிசினத் தூக்கிட்டு வெரசா வாங்கன்னு ஒரு போனப் போட்டா வந்துருவாரு."

கடைக்காரர் வந்தார். பேனா மாதிரி ஒரு மிஷின், வால் மாதிரி ஒரு ஒயர். தட்டை வாங்கி நகத்தால் சுண்டினார். "இது எவர்சில்வரு இல்லையேண்ணே. மரமா? மேல பெயிண்டு வேற உதுந்திருக்கு. எழுத்து நிக்கும், ஆனா பாக்க அவ்வளவு வசமா இருக்காது."

"அப்படின்னா வேணாமே" என்றேன், கொஞ்சம் வேகமாக.

"நிக்கும்ங்கிறாருல்ல, வெட்டட்டும்" என்றார் பிரபுவின் அப்பா.

"பின்னால வெட்டலாம்" என்றேன்.

"பின்னால வெட்டுனா யாரு பாக்குறது? நடுவுல வெட்டுங்க" என்றார் மதினி.

நடுவிலிருந்து விளிம்புக்கு நான் பேசிப் பேசி நகர்த்தினேன். ஏலத்தில்கூட அவ்வளவு பேசியது கிடையாது. நடுவில் வெட்டினால் தேங்காய் வைக்கும்போது மாப்பிள்ளை பேர் மறைந்துவிடும் என்றேன். அதற்கு மட்டும் மதினி இறங்கினார்.

"மரங்கிறதால துள்ளும்ணே. யாராச்சும் அமுக்கிப் புடிங்க" என்றார் கடைக்காரர். பிடித்தது நான்தான்.

ட்ர்ர் என்று ஊசி இறங்கியது. முதலில் சிவப்புப் பொடி வந்தது. பிறகு கறுப்புப் பொடி. பிறகு, பெயர் தெரியாத ஒரு மரத்தின் வெளிறிய தூள். எத்தனையோ பேரின் விரல்கள் இருநூறு வருடம் தேய்த்தும் தாண்டாத கறுப்பை, தேவாரத்து ஊசி ஒரு 'பி'யில் தாண்டியது. என் விரல்களில் அதிர்வு ஏறி முழங்கை வரை வந்தது. வெளியே மலை அதுபாட்டுக்கு இருந்தது. ஒரு காகம் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. நான் அழவில்லை, தூள் கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

பிரபு – கௌசல்யா என்று வெட்டி முடித்தவர் நிமிர்ந்தார். "கீழ, தாய்மாமன் அன்பளிப்புன்னு போட்ருவோமா? ஒங்க பேரு என்னண்ணே?"

"ரவி" என்றேன். சின்னப் பேராக வைத்த என் பெற்றோருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

அந்த ரவிக்கு நடுவில்தான் மறுபடி போன் அடித்தது. எடுத்தேன்.

"எங்கடா இருக்க?" அக்காவின் குரல் தணிந்து இருந்தது. தணிந்திருந்தால்தான் ஆபத்து.

"தேவாரத்துல."

"என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"தட்டுல பேரு வெட்டிக்கிட்டு இருக்கேன்க்கா."

மிஷின் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுமுனையில் ஒரு மாதிரி இருமல். அது இருமல் இல்லை என்பது கொஞ்சம் கழித்துப் புரிந்தது. அத்தான் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

கிளம்பும்போது மதினி என் துணிப்பையைப் பார்த்தார். "அதுல என்ன தம்பி, வந்ததுலயிருந்து கைய விட்டு எறக்காம வச்சிருக்கீக?"

வெள்ளித் தட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது கொடுத்த பொருள் திரும்ப வரவில்லை என்று புலம்பினால், குடையோ, கேஸ் சிலிண்டரோ, ஜீப்பு ஜாக்கியோ, உடனே யாராவது சொல்வார்கள்: "பேரு வெட்டணும்னு கேட்டுப் பாரு." என்னை வைத்துக்கொண்டும் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். தொகுப்பில் மீதி இருக்கிறவற்றை இப்போது நான் மண்டபங்களுக்குக் கொண்டுபோவதில்லை. அவையும் அழைக்கப்படுவதில்லை.

போன மாதம் கௌசல்யா போனில் ஒரு படம் அனுப்பினாள். தட்டு. நிறைய முருங்கைக்கீரை, கீரைக்கு நடுவே அவள் மகனின் கை. கூடவே ஒரு குரல் பதிவு: "மாமா, தட்டுல ஓரமா இன்னும் எடம் கெடக்கு. மகன் பேரையும் வெட்டிரலாம்னு அத்தை சொல்றாக. மொறப்படி நீங்கதான் வந்து வெட்டணுமாம். எப்ப வர்றீங்க?"

படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். எழுத்தைச் சுற்றிலும் சிவப்பு கொஞ்சம் தேய்ந்து, வெட்டு விழுந்த இடங்களின் கூர்மை போய், அதுவும் ஆதியிலிருந்தே அங்கே இருந்த மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் போட்டேன். இடது பக்கம் கறுப்பு தெரிகிற இடத்தை விட்டுவிட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே சிவப்பு நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து வெட்டச் சொல்ல வேண்டும். எழுத்து அங்கேதான் எடுப்பாக இருக்கும்.